இரண்டாவது தாள்

...இன்றைக்காவது அந்தப் பலகையை மாட்டிவிடலாமா, மாட்டினால் முதலாளி மருதுபாண்டி சும்மா விடுவாரா, 'ஆபீசர் வந்தா மாட்டிக்கிருவோம் தேவிகா' என்று போன வாரமும் சொன்னாரே, ஜெனரேட்டர், கேஸ், குப்பை, பாத்திரம் கழுவ என்று எல்லாம் சேர்த்து மண்டபத்துக்கு மொத்தம் எவ்வளவு என்பதை முன்பதிவுக்கு முன்பே சொல்ல வேண்டும் என்ற புது உத்தரவுக்காக எழுதிய பலகை, பெயிண்ட் காய்ந்து பத்து நாளாகிறது, இன்னும் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது... எதிரே கல்லலிலிருந்து பஸ் ஏறி வந்த செம்மலை, மகள் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுத்தவர், அன்று இவள் சொன்னது வாடகை அறுபதாயிரம் மட்டும், மேஜை இழுப்பறையில் இருக்கும் இரண்டாவது தாளில் ஜெனரேட்டர், கேஸ் என்று இன்னும் நாற்பத்திரண்டாயிரம் இருக்கிறது, பாவம், அது தெரியாமல் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

"பத்திரிகையக் குலசாமிக்கு வச்சுட்டீகளாண்ணே?"

வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"வச்சாச்சு தாயி. போற எடமெல்லாம் காசத்தேன் கேக்குறாக, சாமிக்கு வச்சாச்சான்னு நீ ஒருத்திதேன் கேட்ட" என்று பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார், நான்கு மூலையிலும் மஞ்சள்.

தேவிகாவின் கை இழுப்பறைப் பிடிக்குப் போனது. சாமி முன்னால் வைத்த பத்திரிகையில் மண்டபத்தின் பெயரை மாற்ற இந்தப் பக்கம் யாருக்குத் துணிச்சல் வரும், அபசகுனம் என்று பயந்து கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள், அதனால்தான் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி இந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தார், பதில் வந்த பிறகுதான் தாளை எடுக்க வேண்டும்... போன மாதம் சின்னத்தாயி என்கிற அம்மா தாளைப் பார்த்துவிட்டுத் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு அடகுக்கடைக்குப் போனாளே, அவளிடமும் இப்படிச் சிரித்துக்கொண்டுதானே கேட்டேன், நான்கு வருஷமாக எத்தனை பேரிடம்... முதலாளியா கேட்டார், நான்தானே கேட்டேன்? இன்னும் வைக்கவில்லை என்று ஒருவராவது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன், தாளைக் காட்டியிருப்பேனா? 'வச்சுட்டு வாங்கண்ணே' என்றுதான் அனுப்பியிருப்பேன், அதையும் அக்கறையாகத்தான் சொல்லியிருப்பேன்.

"ஒம் பேரு என்ன தாயி?"

சொன்னாள். அவர் பேனாவை அழுத்தி 'தேவிகா குடும்பத்தார்' என்று மெதுவாக எழுதி, எழுந்து நின்று இரண்டு கையாலும் பத்திரிகையை நீட்டினார். இவளும் இரண்டு கையாலும்தான் வாங்க வேண்டும், ஒரு கை இன்னும் இழுப்பறைப் பிடியில் இருந்தது.