ஒரே மட்டம்

டாக்டரம்மா சொன்ன சொல்லை அந்த டிரைவர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். வினையே அதில்தான் இருந்தது.

"இடது காலைத் தரையில ஊனவே கூடாது. நான் சொல்ற வரைக்கும்" என்பது உத்தரவு. பஸ் ஓட்டிய காலமெல்லாம் ஆளில்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நின்ற மனுஷன் அவர். கழிப்பறைக்குப் போவதென்றாலும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, இடது காலை அந்தரத்தில் தொங்கவிட்டு, ஒற்றைக் காலிலேயே தத்தித் தத்திப் போனார். மனைவி தாங்கிப் பிடிக்க வந்தால், "தள்ளு, ஓவர்டேக் பண்ணாத" என்பார். அவளும் சிரித்துவைப்பாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். உள்ளே என்னவோ ஒரு பயம் ஆஸ்பத்திரியிலிருந்தே அவள் கூட வந்திருந்தது.

எதிரே வந்த லாரி பஸ்ஸின் முகப்பில் மோதியபோது அவர் இடது கால் கிளட்ச் மேல் இருந்தது. டேஷ்போர்டு மடங்கி வந்து முழங்காலில் இடித்தது. முழங்காலில் வெறும் சிராய்ப்பு, உடைந்தது இடுப்பு. இது எப்படி என்று அவளுக்கு விளங்கவேயில்லை. டாக்டரம்மா ஒரு கையைக் குவித்து, மறு கை முஷ்டியை அதற்குள் வைத்துக் காட்டினாள்.

"இது தொடை எலும்போட தலை, பந்து மாதிரி. இது அந்தப் பந்து உக்காந்திருக்கிற கிண்ணம். முழங்கால்ல விழுந்த இடி, தொடை வழியா ஏறிப் போய் கிண்ணத்தோட பின்சுவரை உடைச்சிருக்கு. சில்லு சில்லாப் போனதை அடுக்கி, பிளேட்டும் ஸ்குரூவும் வச்சுப் பிடிச்சிருக்கேன்."

"பழையபடி ஆயிடும்ல டாக்டர்?"

"நிறைய பேருக்கு நல்லாவே சேர்ந்துடுது. சிலருக்கு எல்லாம் ஒழுங்கா செஞ்சும், பந்துக்கு ரத்தம் போறது நின்னு அது பட்டுப்போயிடும். சிலருக்கு மூட்டு தேஞ்சு, மாத்தவேண்டி வரும். அதெல்லாம் இப்பவே சொல்ல முடியாதும்மா. நம்ம கையில இருக்கிறது ஒண்ணுதான். சுவர் இறுகுற வரைக்கும் அதுமேல பாரம் விழக் கூடாது."

முஷ்டியும் உள்ளங்கையும் அவள் கண்ணிலேயே நின்றன. டிரைவர் காதில் விழுந்ததோ 'தரை' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

அவருக்கு வேறு கவலை. விடுப்பு முடிந்து போகிறவனை டிப்போவில் பஸ்ஸில் ஏற்றி ஓட்டச் சொல்வார்கள். கால் சரியாக வேலை செய்யாவிட்டால் கேட் டியூட்டி. மற்றவன் வண்டி போக வர, சங்கிலியை இறக்கி ஏற்றிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். "அதுக்கு அந்த லாரிக்காரன் இன்னும் கொஞ்சம் வேகமா வந்திருக்கலாம்" என்றார் ஒரு நாள், கஞ்சியைக் குடித்துக்கொண்டே. இந்த ஆள் சீட்டில் உட்காராவிட்டால் உயிரோடு இருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் ஒரு துணிக்கடையில் ஆல்ட்ரேஷன் தைக்கிறவள். காலையில் கஞ்சியும் தண்ணீரும் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனால், திரும்ப விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். நடுவில் வீட்டில் நடப்பது சுவருக்குத்தான் தெரியும்.

டிப்போ மெக்கானிக் பார்க்க வந்தது ஒரு விடுமுறை நாளில். கூப்பிடு பெயர் நெட்டையன். ஆளோ வாசல் நிலையில் தலை இடிக்குமோ என்று கவலைப்பட வேண்டாத உயரம். தோளில் கனத்த சாக்கு மூட்டை ஒன்று.

"என்னண்ணே அது?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. மாப்ளைக்குப் பொழுது போகணும்ல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சீட்டுக்கட்டாகவோ ரேடியோவாகவோ இருக்கும் என்று நினைத்து, அவள் டீ போடப் போனாள்.

அன்றிலிருந்து டிரைவர் முகத்தில் களை வந்தது. அவளும் சந்தோஷப்பட்டாள், பாவம். ஆனால் தினமும் சாயங்காலம் அறையைப் பெருக்கினால், அவர் நாற்காலிக்குப் பின்னால் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து கிடந்தது. ஓதச் சுவர், உதிரத்தான் செய்யும் என்று வாரிக் கொட்டினாள். மறுநாளும் கிடந்தது. அதற்கு அடுத்த நாளும்.

ஒரு நாள் மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரி வழிமறித்தாள். "ஏங்க்கா, நீங்க கடைக்குப் போனப்புறம் உங்க வீட்ல யார் மிஷின் ஓட்டுறா? கடக் கடக்னு சத்தம். எம்புள்ள தூங்கவே மாட்டேங்குது."

வீட்டு மிஷினுக்கு அவள் போட்ட உறை அப்படியே இருந்தது. அதன்மேல் தூசிகூடப் படிந்திருந்தது. உள்ளே போய்க் கேட்டதற்கு அவர் பெரிதாகச் சிரித்தார். "ஆமா, உனக்குப் போட்டியா ரவிக்கை தைக்கிறேன். போவியா!" சிரித்து முடிக்கும்போது அவர் கை தொடை இடுக்கைப் பிடித்தது. என்ன என்றாள். "பிளேட்டு உறுத்துது. அப்படித்தான் இருக்கும்." நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிற நாள் நெருங்கியது. யூனிபார்ம் பேன்ட் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். வேறு எப்படி நிற்பார்! "டிரைவரைப் பார்க்கட்டும். நோயாளியைப் பார்த்துப் பார்த்து அவங்களுக்கும் அலுத்திருக்கும்." ஆள் இளைத்துப்போயிருந்ததால் இடுப்பைப் பிடித்து, புதுத் துணி என்பதால் கால் இரண்டையும் ஒரே அளவில் மடித்துத் தைத்து மாட்டிவிட்டாள். வலது கால் கனகச்சிதம். இடது காலிலோ துணி குதிகாலையும் மூடிக்கொண்டு தொங்கியது.

அவள் தொழில் வாழ்க்கையில் இப்படி நடந்ததே இல்லை. கண்ணளவிலேயே நூல் பிசகாமல் வெட்டுகிறவள். கடையில் தெரிந்தால் மானம் போகும். 'தூக்கம் கெட்டா கையும் கெடும்' என்று தன்னையே திட்டிக்கொண்டு, இடது காலை மட்டும் ஒரு விரற்கடை உயர்த்தி மடித்துத் தைத்தாள். இப்போது இரண்டும் ஒரே மட்டம். தப்பு துணியில்தானா என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

கிளம்புகிற காலையில் சட்டைப் பொத்தானைத் தைக்கும்போது ஊசி விழுந்து கட்டிலடிக்குப் போனது. குனிந்து துழாவினாள். கையில் இரும்பு தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால், பலகையில் போல்ட் போட்டு இறுக்கிய பழைய பஸ் கிளட்ச் பெடல், கீழே கட்டைவிரல் தடிமனில் ஸ்பிரிங். மிதித்து மிதித்து அதன் ரப்பர் பளபளவென்று இருந்தது.

"என்னங்க இது?"

களவு பிடிபட்டதற்கு அவர் வெட்கப்படவில்லை. பெருமைதான் பட்டார். "நெட்டையன் செஞ்சு குடுத்தான். தினம் மிதிக்கிறேன். கால் மறந்துடக் கூடாது பாரு."

"காலை ஊனக் கூடாதுன்னாங்களே!"

"எங்க ஊனினேன்? உக்காந்துகிட்டுத்தானே மிதிக்கிறேன். சத்தியமா சொல்றேன், தரையில பாதம் படவே இல்ல."

அவள் பெடலை இரண்டு கையாலும் அழுத்தினாள். அசையவில்லை. உடம்பு பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினாள். கொஞ்சம் இறங்கி, அவளையே தூக்கி எறிகிற மாதிரி மேலே வந்தது.

நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்தாள். மிதிக்கும்போது பின்னால் நகராமலிருக்க அதைச் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தார். நாற்காலி முதுகு முட்டிய இடத்தில் காரை பெயர்ந்து, செங்கல் தெரிகிற அளவுக்கு இரண்டு குழி. செங்கல் சுவரே இந்தப் பாடு பட்டிருக்கிறது. நடுவில் இருந்த இடுப்பு?

முழங்காலிலிருந்து தொடை, தொடையிலிருந்து கிண்ணம். லாரி போன அதே வழி. அன்று ஒரே இடியாகப் போனது. இங்கே ஆளில்லாத வீட்டில், நாள் தவறாமல், கடக் கடக்கென்று போயிருக்கிறது. "கிளம்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா புது எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினாள். பழையதைப் பக்கத்தில் மாட்டினாள். அறைக்கு வெளியே யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"காலை ஊனி நடந்தீங்களா?"

"இல்ல டாக்டர். ஒரு தடவைகூட இல்ல."

அவர் சொன்னது நிஜம். அதுதான் மனைவிக்குத் தாங்கவில்லை. பெடலையும் நாற்காலியையும் சுவரையும் பற்றி அவள்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் முகம் கறுத்தது. பழையபடி கையைக் குவித்து முஷ்டியை வைத்தாள். முஷ்டி மெல்லப் பின்னால் சரிந்து, உள்ளங்கையின் விளிம்பேறி நின்றது.

"ஸ்குரூ பிடுங்கிக்கிச்சு. பின்சுவர் விலகி, பந்து பின்னாலயும் மேலயும் போயிடுச்சு. கால் குட்டையாகியிருக்கு. திரும்பவும் திறக்கணும். பந்து உயிரோட இருக்கான்னு அப்பத்தான் தெரியும். இல்லேன்னா செயற்கை மூட்டுதான்."

டிரைவர் அரண்டுபோய்விடுவார் என்று மனைவி பயந்தாள். அவரோ சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு சிரித்தார். வாக்கரைப் பிடித்து எழுந்து, வலது காலில் நின்று, குனிந்து காட்டினார்.

"குட்டையாச்சா? படம் மாறிப்போயிருக்கும் டாக்டர். பாருங்க, பேன்ட் ரெண்டும் ஒரே மட்டம். என் வீட்டுக்காரி தச்சது. அவ அளவு தப்பவே தப்பாது."

டாக்டரம்மா பேன்ட்டைப் பார்த்தாள். பிறகு அவர் மனைவியைப் பார்த்தாள்.

அவள் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். அவர் காலடியில் மண்டியிட்டாள். "என்ன பண்ற?" என்றார். அவள் இடது காலின் மடிப்பில் ஒரு நூலை வெட்டி இழுத்தாள். நல்ல தையல், சீக்கிரம் விடவில்லை. விட்டதும் துணி இறங்கி, குதிகாலை மூடித் தொங்கியது.

"என் அளவு சரியாத்தாங்க இருந்தது" என்றாள்.

அவர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். வாக்கர் ஒரு பக்கமாகச் சரிந்தது. டாக்டரம்மா பிடித்துக்கொள்ள எழுந்து வந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கீழே மண்டியிட்டிருந்த மனைவியிடம்தான் கேட்டார்.

"அப்ப கேட் டியூட்டிதானா?"

அவள் நிமிரவில்லை. கையில் இருந்த நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.