மூட்டையின் மிச்ச எடை

பட்டப்பெயர் மூட்டை, வயது இருபத்தாறு, தொழில் குழாய் ஃபிட்டர், இருப்பது நிலாவில். ஆனால் அவனுடைய எடையில் ஆறில் ஐந்து பங்கு அக்கா வீட்டு சோபாவில் இருக்கிறது. நிலாவில் ஒருவருக்கு ஒரு பங்கு எடை போதும், மிச்சம் வீட்டுக்கு வந்துவிடும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவன் அங்கே போய் இறங்கிய அன்று அக்கா மிஷினில் மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்தாள். சோபாவின் இடது ஓரம், அவன் வழக்கமாகச் சாய்கிற இடம், உஸ்ஸென்று மூச்சுவிட்டு அமுங்கியது. "வந்துட்டான்" என்றபடி அவள் அடுத்த உறையை எடுத்தாள். அதே வாரத்தில், அவனோடு போன வெல்டரின் வீட்டில் கட்டில் கால் முறிந்தது; மேலே போன நர்ஸின் வீட்டில் யாரும் ஏறாத ஸ்கூட்டரின் பின் டயரில் காற்றே நிற்கவில்லை. ஆள் அனுப்பிய கம்பெனியில் கேட்டதற்கு, கீழே தங்கும் எடைக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள்.

நிலாவில் ஆள் குடியேறியதால் நன்மையே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அங்கே பிடித்த வெயில் மின்சாரமாக இறங்கி வந்ததில், கரண்ட் போச்சு என்ற பேச்சே தெருவில் நின்றுபோனது. கூன் விழுந்து போனவர்கள் மேலே நிமிர்ந்து நின்று படம் அனுப்பினார்கள். அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக், முழங்கால் தேய்ந்தவர். "ஒரு துள்ளு துள்ளுனா கூரையத் தொட்டுடலாம் அத்தான், முட்டிவலிங்கிற வார்த்தையே இங்க கிடையாது" என்று மூட்டை குரல் அனுப்பிய நாளிலிருந்து, படியில் நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் அவர் நிலா எங்கே என்று தேடினார்.

அக்காவுக்கு மட்டும் அந்த நிலா வெளிச்சத்தின் மேலேயே சந்தேகம். காரணம், சோபா எழும்பிக்கொண்டிருந்தது. முன்பு பக்கத்தில் உட்கார்ந்தால் அவளே அந்தப் பள்ளத்துக்குள் சரிந்துவிடுவாள், இப்போது சரியவில்லை. "ஏன்டா, ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று போனில் கேட்டாள். "ஒரு குறையும் இல்லக்கா." "குறையில்லாதவன் எதுக்குடா இப்படி இருமுற?" "அது நிலாத் தூசிக்கா. இங்க எல்லாருக்கும் இருக்கறதுதான்." எலும்பு கரைகிறது, தூசி நெஞ்சில் படிகிறது என்று வெளியே பேச்சு அடிபட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று கம்பெனி சிரித்துக்கொண்டது.

அப்போதுதான் குடும்பத்தோடு குடியேறும் திட்டம் வந்தது. வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் மேலேயே. மெக்கானிக் துள்ளாத குறை. "உன் தம்பியே வான்னு கூப்பிடுறான். இன்னும் என்னம்மா சந்தேகம்?"

"கூப்பிடுறது அவன் வாய்தானே."

"சோபாவ நம்புவ, தம்பிய நம்ப மாட்டியா?"

"சோபாவுக்குப் பக்கத்துல ஆபீசர் நின்னு கேட்டுக்கிட்டு இருக்க மாட்டான்ல."

அங்கே வளரும் பிள்ளையின் எலும்பு திரும்பி வந்தால் இங்கே நிற்குமா என்று, திட்டத்தை விளக்க வந்த கம்பெனிப் பெண்ணிடமே அக்கா கேட்டாள். "ஏங்க திரும்பி வரணும்?" என்றாள் அவள், சிரித்த முகமாக. அந்தச் சிரிப்பு அக்காவுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் கணவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறுவதைத் தினம் பார்க்கிறவள், எத்தனை நாள்தான் சோபாவைக் காட்டி மறுப்பாள்? சரி என்றாள்.

புறப்படும் நாளில் வாசலில் கார் நின்றது. மகள் பாப்பா தன் மஞ்சள் பெட்டிமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மூட்டை போனில் வந்தான். "தாராளமா வாங்கக்கா. பாப்பாவுக்கு ரூம்கூட ரெடி" என்றான். சொல்லி முடித்தபோது சோபா பொதுக்கென்று மேலே எழும்பியது. தரை ஓடுகள் ஒவ்வொன்றாக முனகின, சோபாவிலிருந்து வாசல்வரை. மஞ்சள் பெட்டியின் சக்கரங்கள் நசுங்கின. மெக்கானிக் பிள்ளையைத் தூக்கப் போனார், முடியவில்லை. கார்காரர் கைகொடுத்தும் அசையவில்லை. "என்ன சார், பாப்பாவுக்கு இரும்பையா ஊட்டி வளர்த்தீங்க?" என்றார் அவர்.

"மாமா மடியில உக்கார வெச்சுப் புடிச்சிருக்காங்க. விட மாட்டேங்கிறாங்க" என்றாள் பாப்பா. அவளுக்கு வலித்ததாகவும் தெரியவில்லை.

அக்கா போனை வாயருகே கொண்டுபோனாள். "டேய், நிஜமா நாங்க வரணுமாடா?" நிலாவுக்குப் பேச்சு போய்வர ஒரு மூச்சு நேரம் ஆகும். இந்த முறை மூன்று நான்கு மூச்சு ஆனது. "வாங்கக்கா" என்றான், இருமலோடு. பெட்டி தரையில் இன்னும் ஒரு விரல்கடை இறங்கியது.

"நீங்க கெளம்புங்கண்ணே. எங்க வீட்டு ஆளு ஒருத்தரு வேணாங்கிறாரு" என்று அக்கா கார்காரரிடம் சொன்னாள். வண்டி முனை திரும்பியதும் பாப்பா சாதாரணமாக இறங்கித் தண்ணீர் குடிக்கப் போனாள். எடை பெட்டிமேலேயே தங்கிவிட்டது.

வருஷங்கள் ஓடிவிட்டன. அன்று மேலே போன பிள்ளைகள் ஒட்டடைக்குச்சிபோல உயர்ந்திருக்கிறார்கள், நன்றாகப் பாடுகிறார்களாம். கீழே வந்து போக மட்டும் இன்னும் தேதி கிடைக்கவில்லை. மூட்டையின் ஒப்பந்தமும் நீண்டுகொண்டே போகிறது. கரண்ட் போவதில்லை. மெக்கானிக்கின் முழங்கால் அப்படியேதான்; வலி எடுத்தால் காலைப் பெட்டிமேல் நீட்டுவார். "என் தம்பி மேலயா காலப் போடுறீங்க?" என்பாள் அக்கா. "மச்சான் ஒண்ணும் சொல்லலியே" என்பார். பெட்டிக்கு அவள் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருக்கிறாள். காலையில் மிஷினில் உட்காரும் முன் அதை ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பாள். நகராவிட்டால் அன்றைக்கு நிம்மதி.

இதைப் படிக்கிறவர்கள் அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தால், விளையாட்டுக்குக்கூடப் பெட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். ஒருவேளை கைக்கு வந்துவிட்டால், சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்; அக்காவிடம் சொல்லாதீர்கள்.