தானாக எழுந்திருக்கும் கூட்டம்

நாகவேணியின் கம்ப்யூட்டரை அந்த வீட்டில் யாரும் அணைத்து ஒரு வருஷம் ஆகிறது. இதை நான் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் பொது முற்றத்தில் அவர்கள் ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே இருக்கின்றன. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அணைக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம். அணைத்து மறுபடி போட்டால், கடவுச்சொல்லைத் தட்டிய கையோடு உள்ளே இருக்கிற அத்தனையும் கூப்பிடாமலே எழுந்து வந்துவிடும். முதலில் கணவன் ருத்ரேஷின் பஞ்சாங்கம். அது சும்மா வராது, நாதஸ்வரத்தோடு வரும். பின்னாலேயே அவனுடைய பங்குச் சந்தைப் பலகை. அப்புறம் மகள் சிஞ்சனாவின் விளையாட்டுகள், மைத்துனன் கிரிதர் பெண் தேடுகிற செயலி, எப்போதோ பழைய சாமான்காரனுக்குப் போய்விட்ட பிரிண்டருக்காக இன்னும் காத்திருக்கிற ஏதோ ஒன்று. வைரஸ் காவலுக்கு மட்டும் மூன்று பேர். அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒன்றைச் சிபாரிசு செய்தார்கள். யார் மனதையும் நோகடிக்காமல் ருத்ரேஷ் மூன்றையும் போட்டுவிட்டான். மூன்று காவல்காரர்களும் ஒருவரையொருவர் சந்தேகிக்கவே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது. எல்லாம் எழுந்து முகம் கழுவி முடிப்பதற்குள் இங்கே நாம் காபி போட்டுக் குடித்துவிடலாம். அதனால் நாகவேணி வேலை முடிந்ததும் மூடியை மட்டும் மூடி வைப்பாள்.

இந்த வருஷம் அவள் பள்ளிக்கூட வேலையை விட்டாள். வெளிநாட்டிலிருக்கும் மைசூர்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கன்னடம் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. சிங்கப்பூர், மெல்போர்ன் என்று சில வீடுகள் சேர்ந்தன. விஜயதசமி காலையில் முகூர்த்தம் பார்த்து, தட்டில் பரப்பிய அரிசியில் முதல் எழுத்து எழுத வைப்பதுதான் தொடக்கம். "முதல் நாள் எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டுச் சேர்க்கிறோம் டீச்சர்" என்று மெல்போர்ன்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்கள்தான் சொன்னதைச் செய்வார்கள்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. ருத்ரேஷ் ஸ்கூட்டரைக் கழுவினான், அரிவாள்மணையைத் துடைத்தான், மிக்சிக்கு மாலை போட்டான். கடைசியில் கம்ப்யூட்டர் பக்கம் வந்தான்.

"மூடி வெச்சிருக்கேனே, அது போதாதா?" என்றாள் நாகவேணி.

"அது கோழித்தூக்கம். எரிஞ்சுக்கிட்டிருக்கிற அடுப்புக்கு யாராவது குங்குமம் வைப்பாங்களா? அணைச்சாத்தான் பூஜை."

அவன் அணைத்தான். மூடிமேல் மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம், ஒரு செவ்வந்தி. மறுநாள் ஆரத்தி எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

மறுநாள் காலை ஆரத்தி முடிந்ததும் நான் அங்கே பிரசாதம் வாங்கப் போனேன். கையில் கிண்ணம் இருந்தது, சாட்சிக்கு. நாகவேணி பட்டுப்புடவையும் மல்லிகையுமாக உட்கார்ந்திருந்தாள். திரையில் நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. அதை மூடப் போனால் பங்குச் சந்தை மேலே வந்து விழுந்தது. அதைத் தள்ளினால் ஒரு காவல்காரன் இன்னொரு காவல்காரனைத் திருடன் என்றான். வகுப்புக்கான செயலி ஒருவழியாகத் திறந்தபோது கேமராவை வேறு எதுவோ பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உறைந்து நின்றது.

"கொஞ்சம் பொறு, அதுவா சரியாகும்" என்றான் ருத்ரேஷ்.

"நீங்க பேசாதீங்க! கோழித்தூக்கமாம்!" அவள் கண்ணில் மை கரைய ஆரம்பித்தது. "குழந்தைங்க தட்டு வெச்சுக்கிட்டுக் காத்திருக்கும். இன்னைக்கு நான் முகம் காட்டலைன்னா அவ்வளவுதான், ஒருத்தரும் வரமாட்டாங்க."

எனக்குத்தான் கடைசி வீட்டு சுப்ரபா நினைவுக்கு வந்தாள். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் வெள்ளைக்காரர்கள் போன் செய்வார்களே, அந்த மாதிரி அலுவலகத்தில் ராத்திரி வேலை. விடிந்தபிறகு காரில் கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் காரைப் பற்றி இங்கே பேசப்பட்டதையெல்லாம் எழுதினால் பண்டிகை நாள் கெட்டுப்போகும்.

"இப்பத்தான் படுத்திருப்பா, பாவம்" என்று நாகவேணி தயங்கினாள். தயங்குகிற வழக்கம் எனக்கு இல்லை. போய்க் கதவைத் தட்டினேன்.

சுப்ரபா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "என்னக்கா, தண்ணி வந்துடுச்சா?"

"தண்ணி இல்லடி. நாகவேணிக்குக் கண்ணில வருது. கம்ப்யூட்டர்."

நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் விபூதிக்கோட்டைப் பார்த்தாள், ருத்ரேஷைப் பார்த்தாள். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். ஒரு பட்டியல் வந்தது.

"உள்ளே நுழைஞ்சதும் தானா எந்திரிக்கிற கூட்டம் இதுதான். பேர் படிக்கிறேன், யாரோடதுன்னு சொல்லுங்க. பஞ்சாங்கம்?"

"என்னோடதும்மா. நல்ல நாளும் அதுவுமா அதை நிறுத்தாதே."

"முகூர்த்தம் சொல்ல வந்ததே முகூர்த்தத்தைச் சாப்பிட்டுட்டு இருக்குண்ணா." நிறுத்தினாள். "பங்குச் சந்தை?"

நாகவேணி கணவன் பக்கம் மெல்லத் திரும்பினாள். "அதை விட்டாச்சுன்னு சொன்னீங்க?"

"நான் விட்டுட்டேன். அதுதான் என்னை விடலை."

"பொண்ணு பார்க்கிறது?"

மூலையில் நின்ற கிரிதர் கூரையில் பல்லி இருக்கிறதா என்று தேடினான்.

"அழிச்சுடாதேம்மா" என்று ருத்ரேஷ் கெஞ்சினான்.

"எதையும் அழிக்கலைண்ணா. எல்லாம் அங்கங்கே அப்படியே இருக்கும். கூப்பிடாம வராதேன்னு சொல்றேன், அவ்வளவுதான். வேணும்னா நீங்க போய் எழுப்பிக்கலாம். காவல்காரங்கள்ல மட்டும் ரெண்டு பேரை வீட்டை விட்டே அனுப்பணும். அது இன்னொரு நாள்."

"எல்லாத்தையும் நிறுத்திடுடி, ஒண்ணுமே வேண்டாம்" என்றாள் நாகவேணி.

"ஐயோ அக்கா, இது சத்தத்துக்கு உள்ளது. இதையும் நிறுத்தினா நீங்க ஊமைப்படம்தான் காட்டணும்." அதை விட்டுவிட்டு மற்றவற்றை நிறுத்தினாள். "இப்ப ஒரு தடவை அணைச்சுப் போடணும்."

அணைப்பதா! நாகவேணி என் கையைப் பிடித்த பிடியில் கிண்ணம் கீழே விழுந்தது. சுப்ரபா அணைத்தாள். திரை கறுத்தது. நான் சாமுண்டியை வேண்டிக்கொண்டேன். பாதி வேண்டுதலிலேயே கடவுச்சொல் கேட்டது. நாகவேணி தட்டினாள். திரை வந்தது. நாதஸ்வரம் இல்லை, பலகை இல்லை, ஒன்றுமே இல்லை.

"என்னம்மா, செத்துப்போச்சா?" என்றான் ருத்ரேஷ். வெறும் திரையை அவன் பார்த்ததே இல்லை.

"இல்லண்ணா. சும்மா இருக்கு. யாராவது வேலை சொன்னாச் செய்யும்."

வகுப்பு திறந்தது. நாகவேணியின் முகம், கரைந்த மையோடு, தெளிவாக விழுந்தது. ஒவ்வொரு வீடாக வந்தது. ஒரு குழந்தை தட்டிலிருந்த அரிசியைத் தின்றுகொண்டிருந்தது. மெல்போர்ன்காரி கடைசியில்தான் வந்தாள். "சாரி டீச்சர், லேட் பண்ணிட்டோமா?"

"பரவாயில்லைம்மா, முகூர்த்தம் இன்னும் இருக்கு" என்றாள் நாகவேணி, பெருந்தன்மையாக. பிறகு "விரலை நீட்டுங்க கண்ணுங்களா" என்றாள். அத்தனை சின்ன விரல்களும் அரிசியில் இறங்கின. ருத்ரேஷ் ஆரத்தித் தட்டோடு வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். சுப்ரபா எப்போது எழுந்து போனாள் என்று நான்கூடக் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் முற்றத்தில், பொன் என்று சொல்லிக் கொடுக்கிற வன்னி இலையை மாற்றிக்கொண்டோம். பெரியவர்களுக்குத்தான் முதலில் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். நாகவேணி இலையை எடுத்துக்கொண்டு கணவனைத் தாண்டினாள், வீட்டுச் சொந்தக்காரரைத் தாண்டினாள், நீட்டிய என் கையையும் தாண்டிப் போய், வேலைக்குக் கிளம்பி நின்ற சுப்ரபாவின் கையில் வைத்தாள்.

"பொன்னா இருடி" என்றாள். ஒப்பட்டுப் போளிப் பொட்டலத்தை அவள் பையில் திணித்தாள்.

மெல்போர்ன்காரி இப்போது தன் தங்கை பிள்ளைகளையும் சேர்த்துவிட்டாள். எங்கள் முற்றத்துக்கும் புதுச் சட்டம் வந்திருக்கிறது: மத்தியானம்வரை சத்தம் கூடாது. காய்கறிக்காரன் தெருமுனையிலேயே நின்றுவிட வேண்டும். ருத்ரேஷ் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போய் ரோட்டில்தான் ஸ்டார்ட் செய்கிறான். மேற்பார்வை நாகவேணி. நானும் குழாயடியில் மெல்லத்தான் பேசுகிறேன். மெல்லச் சொன்னால் எந்தச் சேதியிலும் உப்பு உறைப்பு இருப்பதில்லை. பரவாயில்லை, அந்தப் பெண் தூங்கட்டும்.