பதினான்கு மட்டைக்கும் பொட்டு

குகநாதனுக்கு அன்று வந்த கோபத்தில் ஏரிக்கு அப்பால் தெரிந்த மலைப் பனி முழுவதும் உருகியிருக்க வேண்டும். சுவிஸ் மலை என்பதால் தாக்குப்பிடித்தது.

லோசானுக்கு மேலே இருக்கும் அந்தக் கல்லூரி மிகச் சிறியது. ஒரு தமிழ்க் கலியாணப் பந்தியைக் கொண்டுபோய் அங்கே இருத்தினால் மாணவர் தொகை மூன்று மடங்காகிவிடும். ஆனால் கோல்ஃப் அணிக்கென்று தனிப் பயிற்சியாளர், தனி வான் வண்டி, தனித் தொப்பி எல்லாம் உண்டு. அணியில் ஐந்து இடம், நான்கு நிரம்பிவிட்டது. மிச்சம் ஒன்றுக்கு இன்று காலை கல்லூரிக்குப் பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் ஆட்டம். மெய்யியல் படிக்கும் மகள் ரிஷானிக்கு இது கடைசி வருடம், கடைசி வாய்ப்பு.

அதே மைதானத்தில் குகநாதன் இருபத்துநாலு வருடம் புல் வெட்டியவர். வெட்டியதைக் குவித்திருந்தால் இன்னொரு மலை எழும்பியிருக்கும். முன்வாசலால் அவர் நுழைந்தது இன்றுதான்.

நுழைந்த பத்தாவது நிமிடம், பயிற்சியாளர் பெர்த்தோன் ரிஷானியின் பெரிய மட்டையைத் தூக்கி, அதன் முகத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். சந்தனம், நடுவில் குங்குமம்.

"மட்டையில் எதையோ பூசியிருக்கிறீர்கள். இது ஏமாற்று. இவள் ஆட முடியாது" என்றார் பிரெஞ்சில்.

குகநாதன் மனைவியைப் பார்த்தார். தில்லைநாயகி வானத்தைப் பார்த்தாள்.

"புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்கிறதுதானே. காருக்கு வைக்கேல்லையோ? பிரிட்ஜுக்கு வைக்கேல்லையோ?"

"எத்தினை மட்டைக்கு வைச்சனீர்?"

"பதினாலுக்கும். ஒண்டை விட்டால் அது கோவிக்காதோ?"

ஆட முடியாது என்றதைக்கூட குகநாதன் பொறுத்திருப்பார். ஏமாற்று என்ற சொல்தான் நெஞ்சில் ஏறி மிதித்தது.

"மொசியே, இவள் ஒரு பந்தாவது அடித்தாளா?"

"இன்னும் இல்லை."

"பூசிய மட்டையால் அடித்தால்தான் குற்றம். வைத்திருந்தால் இல்லை. விதிப் புத்தகத்தைப் பாருங்கள். மழை நாட்களில் கொட்டிலுக்குள் இருந்து அதை நான் மூன்று தரம் வாசித்தவன்."

பெர்த்தோன் கைபேசியில் தேடினார். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். வியர்த்த நெற்றியைப் பெருவிரலால் வழித்துக்கொண்டார்.

"துடைத்துவிட்டு ஆடட்டும். எட்டுப் பத்துக்கு முதல் அடி. பிந்தினால் பெயர் வெட்டப்படும்."

நாலு நிமிடம் இருந்தது. காய்ந்த சந்தனம் லேசில் போகுமா? ரிஷானி துவாயால் தேய்த்தாள், தில்லைநாயகி சேலைத் தலைப்பால், குகநாதன் சால்வையால். சால்வை சிவந்தது, ஏழு மட்டைதான் வெளுத்தது.

"ஏழு காணும் அப்பா, விடுங்கோ" என்று ரிஷானி அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள். மற்ற ஏழு மட்டையையும் தில்லைநாயகி மடியில் வைத்துக்கொண்டு, நாலரை மணித்தியாலம் வாங்குப் பலகையிலேயே இருந்தாள்.

ஒரேயொரு அடி வித்தியாசத்தில் ரிஷானிக்கு இடம் கிடைத்தது.

பெர்த்தோன் வந்து கைகொடுத்தார். அந்தச் சொல்லைத் திரும்ப எடுப்பார் என்று குகநாதன் காத்து நின்றார். பெர்த்தோனோ காலநிலையைப் பற்றிக் கதைத்தார்.

தில்லைநாயகி கணவரின் கையைச் சுரண்டினாள்.

"இஞ்சேருங்கோ, அந்தாளின்ரை நெத்தியைப் பாருங்கோ."

தொப்பி விளிம்புக்குக் கீழே, நட்ட நடுவில், பெருவிரல் அகலத்தில், செக்கச்செவேல் என்று. காலையில் இருந்து அப்படியேதான் திரிந்திருக்கிறார்.

"சொல்லுவமோ?"

"முதல்லை, ஏமாத்து எண்டதுக்கு அவர் மன்னிப்புக் கேக்கட்டும். பிறகு சொல்லுவம்."

கேட்கவில்லை. கல்லூரி முன்வாசலில் மாட்டுவதற்கு அணியைப் படம் எடுத்தார்கள். பெர்த்தோன் நடுவில் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.