பதினொரு மிட்டாய் தூரம்

வாணலியில் கொட்டிய மைதா மாவு லேசாகச் சிவக்கத் தொடங்கியதும் மருந்தாளுநர் அடுப்பைத் தணித்தார். பச்சை மாவு வயிற்றுக்கு ஆகாது. பிஸ்கட் மாவை வேகவைக்காமல் அப்படியே உருட்டி ஐஸ்கிரீமில் போடப்போகிறார்கள் என்றால், முதலில் மாவை வறுத்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவருக்கு இதிலெல்லாம் விட்டுக்கொடுக்க வராது. மாவு ஆறியதும் சின்னத் தராசில் வைத்து நிறுத்தார். வெண்ணெயை நிறுத்தார். சர்க்கரையை நிறுத்துவிட்டு, ஒரு சிட்டிகை கூடுதலாக இருக்கிறதென்று திருப்பி எடுத்தார்.

"ஐஸ்கிரீம் செய்றோமா, இருமல் மருந்து செய்றோமா?" என்றாள் சிட்டு.

சிட்டு அவர் மனைவியின் மகள். ஒன்பது வயது. கல்யாணமாகி அவர் இந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. இந்த நாலு மாதத்தில் அவள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா, மாமா, சார் எதுவுமே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். அவராகத் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள். முந்தாநாள் அப்படி வந்து நின்றவள், நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை நீட்டினாள். க்ரீம், டின் பால், வெண்ணெய், மாவு, சாக்லேட், மிட்டாய் நிறைய. 'நிறைய' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. எத்தனையோ டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை ஒரே பார்வையில் படித்தவர், அந்தச் சீட்டை மூன்று முறை படித்தார். அவள் அவரிடம் கேட்ட முதல் பொருள் அது.

அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை, ஆறு மணிக்கு வருவாள். அதற்குள் உறைந்துவிட வேண்டும் என்று காலையிலேயே ஆரம்பித்திருந்தார்கள். சிட்டு குளிர்ந்த க்ரீமை அடித்துக்கொண்டிருந்தாள். முதலில் தண்ணீராகத் தளும்பியது, மெல்லக் கனத்து, கரண்டியின் தடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தொடங்கியது. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்து, பாத்திரத்துக்குள் ஒரு மேகம் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இருவரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மௌனம் அவருக்குப் பிடித்திருந்தது. நாலு மாதமாக வீட்டில் இருந்த மௌனம் வேறு, இது வேறு.

"மூடி போட்ட பெரிய டப்பா ஒண்ணு வேணுமே. மேல் மாடி டீச்சர்கிட்ட கேட்டுப் பாக்குறியாம்மா?"

அவள் கரண்டியை நக்கிக்கொண்டே படியேறி ஓடினாள்.

மிட்டாய் உடைக்க வேண்டியதுதான் பாக்கி. புதுப் பாக்கெட் மேடையில் இருந்தது. உடைப்பதற்குத் துணி தேடி மேல் அலமாரியைத் திறந்தபோது, சர்க்கரை ஜாடிக்குப் பின்னால் ஒரு தகர டப்பா தென்பட்டது. திறந்தார். உள்ளேயும் மிட்டாய். காகிதத்தில் சுற்றிய சிவப்பும் ஆரஞ்சும் பச்சையும். காகிதம் வெளுத்து, ஓரங்களில் பிசுபிசுத்திருந்தது.

மருந்துக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால். முன்னால் வந்தது முதலில் தீர வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அது புத்தியிலிருந்து கைக்கு இறங்கிவிட்டது. வீட்டில் ஊறுகாய் பாட்டிலைக்கூட அவர் அப்படித்தான் அடுக்குவார். கை தானாகப் புதுப் பாக்கெட்டைத் தள்ளி வைத்தது. பழைய மிட்டாய்களை எடுத்து எண்ணினார். பதினொன்று. துணியில் முடிந்து குழவியால் தட்டி, க்ரீமில் கொட்டிக் கிளறினார்.

காலி டப்பாவைக் கழுவப் போனபோதுதான் அடியில் ஒட்டியிருந்த சின்னப் போட்டோவைப் பார்த்தார். கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் அதே முகம். லாரி ஓட்டுநர். இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோன சிட்டுவின் அப்பா.

குழாயை மூடினார். தினமும் காலையில் கடைக் கதவைத் திறக்குமுன் அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பார். யாருக்கும் தப்பான மருந்தைக் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவருடைய பிரார்த்தனை. இன்று ஞாயிற்றுக்கிழமை என்று அதைச் சொல்லாமல் விட்டிருந்தார்.

மாடியில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. புதுப் பாக்கெட் அங்கேயே இருந்தது. அதே நிறங்கள், ஏறக்குறைய அதே வடிவம். பிரித்து, வேகமாகப் பதினொன்று எண்ணிக் கையில் எடுத்துவிட்டார். டப்பாவில் போட்டு ஜாடிக்குப் பின்னால் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? கடவுள் பெரிய சோதனைகளைப் பெரிய மனிதர்களுக்கு வைத்துக்கொள்கிறார். சாதாரண மனிதர்களுக்கு ஒரு தகர டப்பா போதும். கை டப்பாவின் வாய்வரை போய் நின்றது. ஒரு மருந்தின் புட்டியில் இன்னொரு மருந்தைப் போட்டு வைக்கிறவனை அவர் வாழ்நாளில் மன்னித்ததில்லை. மிட்டாய்களை மேடையில் வைத்தார்.

"டப்பாவைத் திருப்பிக் குடுக்கும்போது காலியா குடுத்தா வாங்க மாட்டாங்களாம்!" சிட்டு மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "டீச்சருக்கு நாக்கு நீளம்னு…"

தகர டப்பாவைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்மா," என்றார் அவர். "இதுல இருந்ததை உடைச்சுக் க்ரீம்ல கலந்துட்டேன். யாரோடதுன்னு கேக்காம எடுத்துட்டேன். புதுசைப் போட்டு மறைச்சிடலாமான்னுகூட நெனச்சேன். உன்கிட்ட அப்படிப் பண்ண மனசு வரல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். பதினொண்ணு."

"எண்ணுனீங்களா?"

"எண்ணாம எனக்கு எதையும் போட வராதும்மா."

"நானும் எண்ணுவேன்," என்றாள் சிட்டு. "தெனமும்."

அவர் அலமாரியிலிருந்து இடுக்கியைக் கொண்டுவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாத்திரத்தின் மேல் குனிந்தார். ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கித் தட்டில் வைத்தார். ஆனால் மிட்டாய் அதற்குள் கசியத் தொடங்கியிருந்தது. துண்டு எடுத்த இடத்தில் ஒரு சிவப்புக் கீற்று, ஒரு ஆரஞ்சுக் கீற்று. வெள்ளை மேகத்துக்குள் சாயங்காலம் இறங்குவதுபோல நிறங்கள் பரவின. அவள் மேடை ஓரத்தில் முகவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க," என்றாள் கடைசியில். "கரையுது."

பிறகு, யாருக்கோ சொல்வதுபோல, பாத்திரத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்பா வண்டியில கிலோமீட்டர் சொல்ல மாட்டாரு. மிட்டாய்தான். ஒரு ஊருக்கு ஒரு மிட்டாய். போன் பண்ணி எங்க இருக்கீங்கன்னு கேட்டா, இன்னும் அஞ்சு மிட்டாய் தூரம்டா சிட்டும்பாரு. அன்னிக்கு நெஞ்சு வலிச்சப்போ வண்டியை ஓரமா நிறுத்திட்டு, விளக்கெல்லாம் போட்டுட்டுத்தான்… யாருக்கும் அடிபடக் கூடாதுல்ல. டப்பாவுல பதினொண்ணு மிச்சம் இருந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் இரண்டு வருடமாக ஒன்றைக்கூடத் தின்னாததன் காரணம் அவருக்குப் புரிந்தது. டப்பாவில் பதினொன்று இருக்கும்வரை, அந்த ஓட்டுநர் எங்கோ ஒரு சாலையில் வந்துகொண்டே இருந்தார்.

"கலந்தது கலந்துடுச்சு," என்று அவளே தட்டிலிருந்த துண்டுகளைத் திருப்பிப் பாத்திரத்தில் போட்டாள். பிஸ்கட் மாவு உருண்டைகளையும் சாக்லேட்டையும் போட்டாள். டீச்சரின் டப்பாவில் வழித்து ஊற்றி, மூடியை அழுத்திவிட்டு, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பிற்பகல் நீளமாக இருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள். ஃப்ரிட்ஜ் தூக்கத்தில் முனகுவதுபோல முனகிக்கொண்டிருந்தது. அவர் தகர டப்பாவைத் துடைத்து, போட்டோ நனையாமல் ஜன்னலோரம் வைத்தார். அரை மணிக்கொருமுறை ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார்.

நாலாவது முறை திறந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "தெறந்து தெறந்து பாத்தா எப்படி உறையும்? குளிரெல்லாம் வெளிய போயிடும்ல."

பிடிபட்டவர்போல மூடினார். அவள் ஃப்ரிட்ஜுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அந்த வெள்ளைக் கதவுக்குப் பின்னால் ஒரு வேலை தானாக நடந்துகொண்டிருந்தது. அவசரப்படுத்த முடியாத வேலை.

"எத்தனை நாள் கெடாம இருக்கும்?"

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. "ரெண்டு மாசம். அப்புறம் ஐஸ் பிடிச்சு ருசி போயிடும்."

ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்து அவள் பாதத்தைத் தொட்டபோது, எழுந்து போய் இரண்டு ஸ்பூன் எடுத்து வந்தாள்.

டப்பாவைத் திறந்தார்கள். நிறங்கள் ஓடிய இடத்திலேயே உறைந்திருந்தன. ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நீளும் சாலைகள் மாதிரி. சாக்லேட்டும் மாவு உருண்டைகளும் நடுவில் சின்னச் சின்ன ஊர்கள். அவள் ஸ்பூனால் தேடி, நொறுங்காமல் தப்பிய ஒரு பாதிச் சிவப்பு மிட்டாயைக் கண்டெடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். பிறகு கண்ணைத் திறந்து, ஒரு ஆரஞ்சுத் துண்டைத் தோண்டி, ஸ்பூனோடு அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கி வாயில் போட்டார். முதலில் குளிர், அப்புறம் பால், அதற்கும் அப்புறம், மெல்ல, ஆரஞ்சு.

"கடிக்கக் கூடாது," என்றாள் சிட்டு, கன்னத்தில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு. "அப்பா கடிக்கவே மாட்டாரு. ஊர் வர்ற வரைக்கும் அப்படியே வெச்சிருப்பாரு."

அவர் தலையாட்டினார்.

கீழே வாசல் கதவு திறந்தது. படியில் அம்மாவின் செருப்புச் சத்தம். "வீட்ல யாரும் இல்லையா? ஒரு சத்தத்தையும் காணோம்!" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தரையில் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் தோள் பட உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, கன்னத்துக்குள் மிட்டாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாவதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.