சொல்லாமல் கொள்ளாமல் போக முயன்ற வழக்கு

கீழே வருவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று வலது கையை உயர்த்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, சத்தியம் செய்தாயிற்று. இனி விஷயம். போலீஸ் பயிற்சிப் பள்ளியில் முதலுதவி வகுப்பு எடுக்கும் நர்ஸம்மா இன்றுவரை சாகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அவர் மேல் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை என்பதுதான். நியாயமாகப் பார்த்தால் அந்த அம்மாள் பல வருடங்களுக்கு முன்பே, முதலுதவிப் பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போகவிடாமல் பிடித்து வைத்தவர் ஒரு பயிற்சிக் காவலர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் பள்ளியில் முதல்வர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாரும் அவரைச் சாய்மானம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சாய்மானம் ஆள் பீரோ மாதிரி இருப்பார். வகுப்பறைக் கதவில் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். ஓட்டம், கயிறு ஏறுவது, சுவர் தாண்டுவது எதிலும் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் ரத்தத்தைக் கண்டால் போச்சு. மாடிப்படியில் இறக்கும் பீரோ கை நழுவினால் எப்படிச் சாயுமோ அப்படி மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரோ தூணோ சக காவலரோ எது அகப்படுகிறதோ அதன்மேல் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிடுவார். ஒரு தடவை முதல்வரின் காரின்மேல் சாய்ந்ததில் கதவு நெளிந்துவிட்டது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிவப்புப் பெயின்டை வாளி வாளியாக ஊற்றினாலும் அவர் கண் இமைக்க மாட்டார். நிஜ ரத்தம் ஒரு சொட்டு, அடுத்த அறையில் சிந்தியிருந்தால்கூடப் போதும், முழங்கால் இளகிவிடும். கட்டுப்போடும் வகுப்பில் பக்கத்து ஆள் கத்தரிக்கோலால் விரலை வெட்டிக்கொண்டபோது, வெட்டுப்பட்டது அந்த ஆளுக்குத் தெரிவதற்கு முன்பே சாய்மானத்தின் முழங்காலுக்குத் தெரிந்துவிட்டது.

முதலுதவியில் மூன்று தடவைக்குள் பாஸ் பண்ணாதவர் யூனிஃபாரத்தையும் பூட்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வீட்டில் சாய்மானத்தின் மனைவி தையல்காரி. சர்க்கார் கொடுத்த சட்டை அவருக்குப் பற்றாமல் இரண்டு பக்கமும் துணி கொடுத்துத் தைத்து, அதை அயர்ன் பண்ணும் சாக்கில் தெரு முழுக்கக் காட்டியும் ஆகிவிட்டது. அவளுடைய அப்பா, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், மாப்பிள்ளை பள்ளியில் சேர்ந்த அன்றே, அவருடைய பழைய உடுப்புகளைப் போட்டு மூடிய பெட்டியைக் காட்டி மகளிடம் சொல்லிவிட்டார்: "அந்தப் பெட்டியைப் பரண்ல ஏத்தாதம்மா. கீழயே இருக்கட்டும். மாப்ள சீக்கிரம் வந்துடுவாரு." பெட்டி கூடத்திலேயே நடுவில் கிடந்தது. சாய்மானம் லீவில் வரும்போதெல்லாம் அதில்தான் இடித்துக்கொள்வார்.

முதலுதவி பழகுவதற்குப் பள்ளியில் ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. தலை உண்டு, கை உண்டு, இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. நெஞ்சை முறைப்படி அமுக்கினால் தோளில் பச்சை விளக்கு எரியவேண்டும். பெரும்பாலும் எரியாது. எவ்வளவு செய்தாலும் முகத்தில் ஒரு திருப்தி தெரியாததால் பயிற்சிக் காவலர்கள் அதற்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தார்கள். சாய்மானம் முதல் பரீட்சையில் அமுக்கிய அமுக்கில் மாமனாரின் நெஞ்சுக்குள் இருந்த ஸ்பிரிங் தெறித்துப் போய் மின்விசிறியில் மாட்டிக்கொண்டது. நர்ஸம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "உயிரை மேல அனுப்பிட்டியே, சபாஷ்," என்று சொல்லி ஃபெயில் போட்டார்.

இரண்டாவது பரீட்சைக்கு முந்தின வகுப்பு கைது செய்வது எப்படி என்பது. அதை எடுத்தவர் கவாத்து வாத்தியார். பேசினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அன்றைக்கு அவர் சொன்னது இது: "உன் காவல்ல இருக்கறவன் சாகக் கூடாது. சாக அவனுக்கு அனுமதி கிடையாது. அவன் செத்தா நீ செத்த. புரிஞ்சுதா?" எல்லாரும் புரிஞ்சுது ஐயா என்று கத்திவிட்டு, படி இறங்குவதற்குள் மறந்துபோனார்கள். சாய்மானம் ஒருவர்தான் அதை நம்பினார். நம்பியவருக்கு, நேரே முதலுதவி அறைக்குப் பரீட்சை கொடுக்கப் போய், ஸ்பிரிங் மாற்றிப் படுக்கவைத்திருந்த ரப்பர் மாமனாரின் முன்னால் மண்டியிட்டதும் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. மூக்கைப் பிடிப்பதா நெஞ்சைத் தொடுவதா என்று தெரியாமல், கடைசியாகப் படித்த ஒரே பாடத்தைச் செய்தார். விலங்கை எடுத்து மாமனாரின் இரண்டு கையிலும் மாட்டி, பொது வழியில் இடைஞ்சலாகப் படுத்திருந்த குற்றத்துக்காக உங்களைக் கைது செய்கிறேன் என்றார்.

ரப்பர் மாமனார் ஒரு தும்மல் போட்டுவிட்டு மூச்சுவிட ஆரம்பித்தார். பிறகு அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "இத்தனை வருஷமா வாயில வாய வெச்சு ஊதறீங்க. ஒருத்தனாவது பல் விளக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்.

நர்ஸம்மா ஃபெயில் போட்டார். முப்பது தடவை அமுக்கி இரண்டு தடவை ஊதவேண்டும், இந்த ஆள் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. நோயாளி பிழைத்தது நோயாளியின் சொந்த விஷயம் என்றார். சாய்மானம் சல்யூட் அடித்துவிட்டு வெளியே போனார். ரப்பர் மாமனாரோ அந்த வாரம் முழுக்க வாய் மூடவில்லை. தண்ணீர் கொடு, தலையணையை உயர்த்து, விசிறியைக் குறை என்று ஒரே அதிகாரம். சுயநினைவோடு இருப்பவரின் நெஞ்சை அமுக்குவது முறையில்லை என்பதால் வகுப்புகள் நின்றன. கடைசியில் முதல்வர் உத்தரவு போட்டு விலங்கைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் மாமனார் பாதி வசவில் அப்படியே ரப்பராகிவிட்டார். கவாத்து வாத்தியார், "நான்தான் அன்னைக்கே சொன்னேனே," என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனார். வேறு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வகுப்புகள் பழையபடி நடந்தன. ஒரு வித்தியாசம், எல்லாரும் பல் விளக்கிவிட்டு வந்தார்கள்.

நர்ஸம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்ததையும் இங்கே சொல்லவேண்டும். திடீர் திடீரென்று விழுவார். வராந்தாவில், சாப்பாட்டு வரிசையில், ஒருமுறை முதல்வர் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் காலடியில். விழுந்து கிடந்தபடி ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, யார் முதலில் வருகிறார்கள், வந்து என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார். சுற்றுமுற்றும் ஆபத்து இருக்கிறதா என்று பார்க்காமல் ஓடிவந்தவனை எழுந்து உட்கார்ந்து, சுருட்டிய செய்தித்தாளால் மண்டையில் ஒரு போடு போடுவார். பெயின்ட் பூசிக்கொண்டு விழுவதும் உண்டு. நாளாக நாளாகப் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. அவர் விழுந்தால் நாலடி தள்ளி நின்று, "மேடம், எந்திரிங்க மேடம், சாப்பாடு ஆறுது," என்பார்கள்.

மூன்றாவது பரீட்சை அன்று முதல்வரும் வந்து உட்கார்ந்திருந்தார். கேன்டீன் பெரியவர் டீக் கெட்டிலோடு கதவோரம் நின்றார். சாய்மானத்தின் முறை கடைசி. மனைவி அன்று காலை போனில் சொன்னது ஒன்றுதான்: "என்னங்க, அந்தப் பெட்டி எனக்குக் கண்ணை உறுத்துதுங்க." அவர் மண்டியிட்டு மாமனாரின் தோளைத் தட்டப் போன நேரத்தில் நர்ஸம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார், இடது தோளைப் பிடித்தார், "ஒரு நிமிஷம்," என்றார், விழுந்தார். விழும்போது மேஜை விளிம்பில் நெற்றி இடித்தது.

வகுப்பே கை தட்டியது. "இன்னைக்கு ஃபுல் மேக்கப்டா!" என்றான் ஒருவன். "கிட்டப் போகாத மச்சான், பேப்பரைச் சுருட்டி ரெடியா வெச்சிருக்கும்," என்றான் இன்னொருவன். முதல்வர் நன்றாகச் செய்கிறார் என்ற தோரணையில் தலையாட்டினார். அப்போது சாய்மானத்தின் முழங்கால் இளகியது.

"டேய், இது பெயின்ட் இல்லடா!" என்று அவர் கத்தியதற்கும் சிரித்தார்கள். அவர் ஏற்கெனவே சாய ஆரம்பித்திருந்தார். ஒரு பீரோ தரைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. சாய்வதையே நர்ஸம்மா பக்கமாகச் சாய்ந்தார். பெல்ட்டில் தொங்கிய விலங்கின் ஒரு வளையத்தை அந்த அம்மாளின் மணிக்கட்டிலும் மறு வளையத்தைத் தன் மணிக்கட்டிலும் மாட்டி, நாக்குக் குழறச் சொன்னார்: "நர்ஸம்மா, சொல்லாம கொள்ளாம போக முயற்சி பண்ண குத்தத்துக்காக உங்களைக் கைது பண்றேன். என் காவல்ல இருக்கற வரைக்கும் நீங்க எங்கயும் போகக் கூடாது."

வெளுத்துக்கிடந்த முகத்தில் இரண்டு கண்ணும் திறந்தன. "கைது பண்ணது சரி," என்றார் நர்ஸம்மா. "இதயம் நின்னு கெடக்கு. வேடிக்கை பாக்கறியா? அமுக்குடா."

சாய்மானம் கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினார். ஒவ்வொரு அமுக்குக்கும் விலங்கு கிலுங்கியது. "முழங்கையை மடக்காத. ம். இன்னும் ஆழமா. இப்ப எதுக்கு இவ்ளோ வேகம், பஸ்ஸைப் பிடிக்கணுமா? அப்படித்தான். அய்யோ, ஒரு விலா எலும்பு போச்சு. பரவால்ல, போகும்னு புக்குலயே போட்டிருக்கு, நிறுத்தாத."

"ஊதணுமா மேடம்?"

"பல் விளக்கினியா?"

"விளக்கினேன் மேடம்."

"அப்பவும் வேண்டாம். நான்தான் பேசிட்டு இருக்கேனே." பிறகு தலையைத் திருப்பிச் சுவரோரம் வாய் பிளந்து நின்றவர்களைப் பார்த்தார். "ஆம்புலன்ஸுக்கு யாரு போன் பண்ணது? யாரும் பண்ணலையா? அத்தனை பேரும் ஃபெயில். ஐயா, நீங்களும்தான்." இது முதல்வருக்கு. "இவன் ஒருத்தன் பாஸ். கண்ணை மூடிக்கிட்டதுக்கு மார்க் கொறச்சிருக்கேன்."

பாஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் சாய்மானம் நிம்மதியாக மயங்கினார். சாவி அவருடைய பேன்ட் பாக்கெட்டில், அவருக்கு அடியில் மாட்டிக்கொண்டதால், ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் தூக்கிப்போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். நாடி இல்லை. மற்றபடி நோயாளி நலம். கட்டில் விரிப்பு சரியில்லை என்று புகார் வேறு. ரப்பர் மாமனார் கதை தெரிந்த முதல்வர் டாக்டரின் காதில் ஏதோ சொல்ல, விலங்கைக் கழற்றினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கைது செய்தவரைக் கோர்ட்டில் நிறுத்தத்தானே வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் இரண்டு பேரும் ஒரே விலங்கில் போய் நின்றார்கள். அந்த மாஜிஸ்திரேட்டை, எதற்கெடுத்தாலும் வாய்தா போடுகிறார், ஒரு வழக்கையாவது முடித்தாரா என்று ஊரே திட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர் எல்லாவற்றையும் கேட்டார். குற்றம் இல்லை என்றால் விடுதலை. விடுதலை என்றால் அந்த அம்மாள் அங்கேயே விழுந்துவிடுவார். ஜாமீன் கொடுத்தாலும் அதே கதி. தண்டித்தால் தண்டனை ஒருநாள் முடிந்துபோகும். தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தனக்கென்றே பிறந்த ஒரு வழக்கு வந்திருப்பதை உணர்ந்து, கண் கலங்க, வாய்தா போட்டார். காவல் என்பதற்கு விலங்கு வேண்டாம், காவலரின் கண்ணெதிரே இருந்தால் போதும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அதனால் சாய்மானத்தைப் பள்ளியிலேயே நிரந்தரமாகப் போட்டார்கள். நர்ஸம்மா அவர் வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்தார். காலையில் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வகுப்புக்குப் போவார்கள். தையல்காரிக்கும் நர்ஸம்மாவுக்கும் முதல் நாளே ஒத்துப்போயிற்று. சாய்மானம் செய்வது எதுவும் சரியில்லை என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. பொம்மையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, நர்ஸம்மா தானே மேஜைமேல் படுத்து, தன் நாடியையே பிள்ளைகளுக்குத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். நாடி இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதை அந்தப் பள்ளியில் படித்தவர்கள் மாதிரி வேறு யாரும் தெரிந்துகொண்டதில்லை. வருடங்கள் போயின. மாஜிஸ்திரேட் ஓய்வுபெற்று அடுத்தவர் வந்தார். அவரும் வாய்தா போட்டார்.

ஒருநாள் கண்டக்டர் மாமனார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்துப் பள்ளி வாசலுக்கு வந்தார். இங்கே எச்சில் துப்பாதீர் என்ற போர்டின் மேலேயே துப்பினார். பிறகு இரண்டு கைகளையும் மாப்பிள்ளைக்கு நேரே நீட்டினார்.

"பாத்துட்டீங்கல்ல மாப்ள? சட்டம் எல்லாருக்கும் பொதுதான?"

"மாமா, மொதல்ல உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. பிடிச்சு உள்ள போடுங்க. போட்டுட்டு, அந்தப் பெட்டியைப் பரண்ல ஏத்தச் சொல்லுங்க."

சாய்மானம் கைது செய்தார். ஆம்புலன்ஸுக்கும் போன் செய்தார், முறை முறைதான். அதற்குப் பிறகு ஊரில் வயதானவர்களின் நடத்தை கெட்டுப்போயிற்று. சாய்மானத்தின் ஸ்கூட்டர் வரும் நேரம் பார்த்து சிக்னலைத் தாண்டுவதும், பூங்காவில் பூப்பறிப்பதும், அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போவதுமாக இருந்தார்கள். எல்லாரையும் அவர் பிடிக்கவில்லை. நெஞ்சுவலியில் இருப்பவர்களை மட்டும், நர்ஸம்மா தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகு, பிடித்தார். கண்ணெதிரே என்பதற்கு ஊருக்குள்ளே என்று அர்த்தம் என்று மாஜிஸ்திரேட் விளக்கம் சொல்லிவிட்டார். கோர்ட் வராந்தாவில் அவர்களுக்காக இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். சிலர், எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று தோன்றும் நாளில், தாங்களே போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்கிறார்கள். நர்ஸம்மாவுக்கு இன்னும் அந்த எண்ணம் வரவில்லை. பிள்ளைகள் இன்னும் முழங்கையை மடக்குகிறார்கள் என்கிறார்.

நர்ஸம்மா வழக்கில் கண்ணால் கண்ட சாட்சி என்று ஒருவர்தான் கூண்டில் ஏறினார், டீக் கெட்டிலோடு கதவோரம் நின்ற கேன்டீன் பெரியவர். ஃபெயிலான கோபத்தில் மற்றவர்கள் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பெரியவர் ரப்பர் மாமனாரில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். கேட்டு முடித்த மாஜிஸ்திரேட், ரப்பர் எங்காவது தும்முமா என்று சொல்லி, அவர்மேல் பொய்ச்சாட்சி வழக்குப் போடச் சொன்னார். அன்றே சாய்மானம் கைது செய்த அந்தப் பெரியவருக்கு இப்போது நூறைத் தாண்டிவிட்டது, வழக்கு வாய்தாவில் இருக்கிறது, மேலே கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சத்தியம் செய்தவர் அவர்தான்.