காணிக்கைக் கோழியின் நிழல்

சாரம்மாள் வளர்த்த கறுத்தக் கோழிக்கு ஒன்றேகால் கிலோ எடைதான் இருக்கும். அதற்கு ஒரு வளர்ந்த வேப்பமரத்தின் அளவுக்கு நிழல் விழுந்தது. கங்கைகொண்டானுக்கு மேற்கே சீயோன்புரத்தில் இதைப் பார்க்காதவர்கள் கிடையாது. கோழி முற்றத்தில் நின்றால் முற்றம் முழுக்க நிழல், தெருவில் இறங்கினால் எதிர்வீட்டு வாசல் வரை நிழல். அதுவும் இலை அசைகிற நிழல், நடுநடுவே வெயில் பொட்டுப் பொட்டாய் விழுகிற நிழல். மைனாக்கள் வந்து உட்காரக் கிளை தேடிவிட்டு, கிடைக்காமல் திட்டிக்கொண்டே போகும். சித்திரையில் அந்த ஊர்த் தரையில் வெறுங்காலை வைத்தால் கொப்பளித்துவிடும். ஆகவே யாரும் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வந்து நிழலில் உட்கார்ந்தார்கள்.

சாரம்மாளின் வீட்டுக்காரர் கிருபைராஜ் வண்ணார்பேட்டைக்கு மினி பஸ் ஓட்டியவர். கொரோனாவுக்கு அடுத்த வருஷம் வந்த ஒரு காய்ச்சலில் அவர் உடம்பு வேர்க்க மறந்துவிட்டது. ஒரு சொட்டு கிடையாது. பத்து நிமிஷம் வெயிலில் நின்றால் உடம்பு கொதித்து மயங்கி விழுவார். பகலில் வெளியே வராதீர்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ஆறடி ஆள், காலை ஒன்பது மணியிலிருந்து பொழுது சாயும்வரை ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு மேசைக் காற்றாடிக்கு முன்னால் கிடந்தார். பார்க்கப் பார்க்கச் சாரம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்த மனுஷன் பட்டப்பகல்ல தெருவுல நடந்தாப் போதும். முதப் பொரிப்புல முதத்தரமான கோழிய கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்குக் காணிக்கையா வச்சிருதேன்" என்று பொருத்தனை பண்ணிக்கொண்டாள். அப்போது அந்த வீட்டில் கோழியே கிடையாது. அதற்குப் பிறகுதான் பக்கத்துத் தெரு மாரிக்கண்ணுவிடம் அடைக்கோழியை இரவல் வாங்கி, கூடையில் மணல் பரப்பி, இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க ஒரு ஆணியும் கரித்துண்டும் போட்டு, பதிமூன்று முட்டை வைத்தாள். ஒன்பது பொரித்தது.

அந்த ஊர்க் கிறிஸ்தவச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பொருத்தனைக் கோழியைக் குஞ்சிலேயே குறித்துவிட வேண்டும். காலில் மஞ்சள் நூல் கட்டிவிட்டால் அது கோயிலுக்கு உரியது, மருமகனே விருந்துக்கு வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. பத்தாம் நாள் இருப்பதில் கொழுத்த குஞ்சாகப் பார்த்துச் சாரம்மாள் நூலைக் கட்டினாள். அது இந்தக் கறுத்தக் குஞ்சு. கொஞ்சம் பொறுத்திருக்கலாம், என்னத்தச் சொல்ல. நிழல் விழ ஆரம்பித்தது மூன்று மாசம் கழித்துத்தான்.

அந்த வருஷக் கோடையில் ஊரில் பாதிக் கோழி செத்தது. வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, நின்ற இடத்திலேயே சரிந்தன. மற்றவர்கள் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டார்கள், மண்சட்டியில் மோர்த்தண்ணி வைத்தார்கள், சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டார்கள். இரையை விடியும் முன்னே போட்டு முடித்துவிட வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். சாரம்மாளும் எல்லாம் செய்தாள். ஆனால் அவள் வீட்டில் ஒரு குஞ்சுகூடச் சாகாததற்குக் காரணம் அதெல்லாம் இல்லை. மற்ற எட்டும் கறுத்தக் கோழியின் நிழலிலேயே மேய்ந்தன.

இதை முதலில் கவனித்தவர் கிருபைராஜ்தான். ஒருநாள் உச்சிப்பொழுதில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிழலுக்குள் ஒரு காலை வைத்தார். அப்புறம் இன்னொரு காலை. கோழி தெருவுக்கு இறங்கியது, அவரும் பின்னால் இறங்கினார். கோழி சாணியைக் கிளறினால் நின்றார், புழுவைக் கண்டு ஓடினால் ஓடினார். ஒரு வருஷமாகப் பகல் வெளிச்சம் படாத முகம் வெளுத்துப்போயிருந்தது. பீர் முகம்மதின் டீக்கடை வரை கோழி போனதால் அவரும் போய் டீ குடித்தார். "அண்ணாச்சி, நாளைக்கும் கோழிய இங்கனயே கூட்டிட்டு வாரும், அரிசி நான் போடுதேன்" என்றார் பீர் முகம்மது. சாரம்மாள் வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பொருத்தனை பலித்துவிட்டது. அழுது முடித்த பிறகுதான் அதன் காலில் கிடந்த நூல் கண்ணில் பட்டது.

முதல் வருஷம் பண்டிகைக்கு, குஞ்சு இன்னும் தேறவில்லை என்று சொல்லிவிட்டாள். இரண்டாம் வருஷம், அடையில் கிடக்கு, கிளப்பினால் பாவம் என்றாள். மூன்றாம் வருஷம் கோயிலில் மணியடிக்கிற கோயில்குட்டியார் தாவீது வீட்டுக்கே வந்து, நிழலில் சாவகாசமாக உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "யக்கா, சபை ஐயர் கேக்காவ. நூலு நைஞ்சுபோச்சுன்னு ஊரே பேசுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பண்டிகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், சாரம்மாள் கறுத்தக் கோழியின் நூலை அவிழ்த்தாள். அதே பொரிப்பில் வந்த செவலைக் கோழியின் காலில் கட்டினாள். கிருபைராஜ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை செவலையைக் கூடையில் போட்டுக்கொண்டு புறப்பட்டவள், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள்.

"என்னால ஏலாதுங்க. ஆண்டவரு குடுத்தத வச்சிக்கிட்டு அவரையே ஏமாத்துத மாதிரி இருக்கு."

"ஏட்டி, நான் திரும்பவும் உள்ள கெடக்கணுமே."

"தெரியுங்க. தெரிஞ்சிதான் சொல்லுதேன்."

கிருபைராஜே போய்ச் செவலையின் காலிலிருந்த நூலை அவிழ்த்து, கறுத்தக் கோழியைப் பிடித்து அதன் காலில் கட்டினார். கூடையில் வைக்காமல் கோழியை நடக்கவிட்டார்கள். கடைசித் தடவையாக அதன் பின்னால் நடந்தே அவர் கோயில் பந்தலுக்குப் போனார்.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியது. பூசணிக்காய், வாழைத்தார், முட்டை எல்லாம் போன பிறகு கோழியைத் தூக்கிக் காட்டினார்கள். ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுக்காமல் கேட்டார்கள், பந்தலுக்கு வெளியே நின்று பீர் முகம்மதுகூடக் கேட்டார். ஆனால் பண்டிகைச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மணப்பாட்டு கிளமென்டுக்குச் சொந்தமாக விசைப்படகு இருந்தது. நடுக்கடல் வெயிலுக்கு இந்தக் கோழி தளத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார். அவரோடு போட்டிபோட ஊரில் ஆள் இல்லை. கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காரில் ஏறினார். கார் நகர்ந்ததும் பந்தலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று இறங்கியது. கிருபைராஜ் பந்தலுக்கு உள்ளே, பெஞ்சின் நுனியில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும்வரை அவரால் வீட்டுக்குப் போக முடியாது.

ஈரத்துண்டு எடுத்துவரச் சாரம்மாள் கிளம்பினாள். செருப்பைத் தேடக்கூடத் தோன்றவில்லை. கொடுத்ததில் வருத்தமில்லை ஆண்டவரே, ஆனா வலிக்குதே என்று முணுமுணுத்துக்கொண்டே பாதி தூரம் போய்விட்டாள். அப்புறம்தான் கால் சுடவில்லை என்பது உறைத்தது. குனிந்து பார்த்தாள். காலடி நிழலில் இலை அசைந்தது. இரண்டடி தள்ளி நின்றாள், நிழலும் தள்ளி நின்றது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். தாவீது, "சரி, பந்தி போடலாம்" என்றார்.

மணப்பாட்டில் அந்தக் கோழி நன்றாக முட்டையிடுகிறது. நிழல் கோழி அளவுதான் விழுகிறதாம், பரவாயில்லை என்று கிளமென்ட் போனில் சொன்னார். சீயோன்புரத்துக்காரர்கள் பஸ் நிறுத்தத்துக்குக் கூரை கேட்டுக் கொடுத்திருந்த மனுவை வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஒன்பதரை பஸ்ஸுக்குச் சாரம்மாள் வந்துவிடுகிறாள். கிருபைராஜ் கல்யாணமான நாளிலிருந்து முப்பத்துநாலு வருஷமாகத் தெருவில் அவளுக்குப் பத்தடி முன்னால் நடந்தவர், ஒருநாளும் திரும்பிப் பார்த்தவரில்லை. இப்போது எங்கே போனாலும் பக்கத்திலேயே நடக்கிறார். அவள் நின்று யாரோடாவது பேசினால் இவரும் நிற்கிறார். "ஊரு பாக்குதுங்க, கொஞ்சம் தள்ளி வாங்க" என்பாள். "வெயிலு அடிக்குல்லா" என்று சொல்லிவிட்டு அவள் கையிலிருக்கிற பையை வாங்கிக்கொள்வார், வானம் மூடிக் கிடக்கிற ஐப்பசி மாசத்திலும்கூட.